எட்டாம் வகுப்பு ஆங்கிலத் தாள்: கடைப் பையனும் ஓதும் மாணவனும்

(மஃரிபுக்குப் பின் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

தேர்தல், வக்ஃபு, இடஒதுக்கீடு என்று பேசுகிற மேடையில் எட்டாம் வகுப்பு ஆங்கிலப் பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். 2007ஆம் ஆண்டு தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. அதற்காக எத்தனை மாநாடு, எத்தனை பேரணி, எத்தனை பேர் கடையை அடைத்துவிட்டு வந்து வெயிலில் நின்றார்கள்! வாங்கியாகிவிட்டது. இப்போது அந்த 3.5 விழுக்காட்டின் வாசலுக்கு யார் போவது? பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருப்பவன் போவான். பத்தாவதைத் தனியாக எழுத எட்டாவது தேறியிருக்க வேண்டும். எட்டாவதில் நம் பையன் தயங்கி நிற்கிற இடம், நான் பார்த்த வரையில், கணக்கும் அல்ல, அறிவியலும் அல்ல. இங்கிலீஷ்தான்.

நீங்கள் கடை வைத்திருப்பவரா? நாளைக் காலை உங்கள் கடையில் பொட்டலம் கட்டுகிற பையனை ஒரு நிமிடம் கவனியுங்கள். ஆறாவதோ ஏழாவதோ படித்துவிட்டு நின்றவன். மனக்கணக்கு உங்களை விட வேகமாகப் போடுவான். எந்தச் சரக்கு எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அவனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? அடுத்து உங்கள் மஹல்லாவின் மதரஸாவில் ஹிஃப்ழு முடித்த பையனைப் பாருங்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வசனங்களை நெஞ்சில் சுமப்பவன். முப்பது ஜுஸ்உவை மனனம் செய்தவனுக்கு ஒரு எட்டாம் வகுப்புப் புத்தகம் மலையா? ஆனால் இருவரிடமும் கையில் காட்ட ஒரு துண்டுச் சான்றிதழ் இல்லை.

இவர்களுக்காகவே ஒரு வழி இருக்கிறது. பலருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு நடத்துகிறது. பழைய ஆட்கள் ‘ஈ.எஸ்.எல்.சி.’ என்பார்கள். பன்னிரண்டரை வயது நிரம்பியவர்கள், பள்ளிக்கூடம் போகாமலே நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து தாள். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். 35 எடுத்தால் தேர்ச்சி. ஒரு பாடத்தில் விழுந்தால் அந்தப் பாடத்தை மட்டும் மறுமுறை எழுதிக்கொள்ளலாம். அறிவிப்பு செய்தித்தாளில் வரும். அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இதில் தேறினால் பத்தாம் வகுப்பையும் அதே போலத் தனித்தேர்வராக எழுத வழி திறக்கிறது.

பத்தாவது தேறினால் என்ன கிடைக்கும் என்று வளைகுடா போய் வந்த சகோதரர்களைக் கேளுங்கள். பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற நிபந்தனை இருக்கும். சவூதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், மலேசியா என்று நம் மக்கள் போகிற நாடுகளெல்லாம் அந்தப் பட்டியலில்தான் உள்ளன. வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியே அனுமதி வாங்க வேண்டும். இடையில் ஏஜெண்டு புகுந்து பணம் பறிப்பான். பத்தாவது தேறியவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் அரசு அலுவலகங்களில் அலுவலக உதவியாளர் வேலைக்கு எட்டாவது போதும். அதற்குக்கூட விண்ணப்பம் போட நம்மில் ஆள் இல்லை என்றால் யாரைக் குறை சொல்வது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதுப் பையனைக் கடையில் நிறுத்தி வைத்துவிட்டு, “பிறகு தனித்தேர்வு எழுதிக்கொள்வான் ஹஜ்ரத்” என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அவனுக்கு இடம் பள்ளிக்கூடம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையை அவன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேருங்கள். தனித்தேர்வு, அந்த வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கும், ஓதுவதற்காகப் பள்ளியை விட்டவர்களுக்கும்.

இன்னொரு பேச்சு நம்மிடம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இங்கிலீஷ் படித்தால் தீன் போய்விடும் என்று. வெள்ளைக்காரன் ஆட்சியில் நம் முன்னோர்களான உலமாக்கள் அந்த மொழியைப் புறக்கணித்தார்கள். அது அடிமைத்தனத்தை எதிர்த்த கோபம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். வெள்ளைக்காரன் 1947ல் போய்விட்டான். கோபத்தை மட்டும் நாம் பிடித்து வைத்திருக்கிறோம். 1919ல் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும், 1951ல் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் எழுந்தபோது பின்னால் நின்றவர்கள் உங்களைப் போன்ற வணிகர்கள். அவர்களுக்கு இல்லாத தீனா நமக்கு?

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்தபோது அவருக்கு வயது பதினொன்று. நம் கணக்கில் ஆறாம் வகுப்புப் பையன். அவரிடம் நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி கட்டளையிட்டார்கள். ஏன்? தமக்கு வரும் கடிதத்தைப் படிக்கவும், தாம் அனுப்பும் கடிதத்தை எழுதவும் அந்நியரை நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக. அரை மாதத்துக்குள் கற்றுக்கொண்டேன் என்று அவரே அறிவிக்கும் செய்தி திர்மிதி, அபூதாவூது நூல்களில் இருக்கிறது. பின்னாளில் குர்ஆனைத் திரட்டித் தொகுக்கும் மாபெரும் பொறுப்பு அதே ஸைத் (ரலி) அவர்களிடம்தான் வந்தது. அடுத்த சமூகத்தின் எழுத்தைக் கற்றதால் அவர் ஈமான் குறைந்ததா?

வணிகர்களே, உங்களுக்கு ஒன்று. குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது? தொழுகை பற்றியதா, நோன்பு பற்றியதா? இல்லை. இரண்டாம் அத்தியாயம் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது. கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அது. அதாவது, தாளில் என்ன எழுதப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று நீங்கள் கையெழுத்துப் போடுகிற வங்கிக் கடன் தாள் எந்த மொழியில் இருக்கிறது? இன்சூரன்ஸ் பாலிசி? சரக்கு ஏஜென்சி ஒப்பந்தம்? பென்சில் புள்ளி வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜாமீன்தாரராக மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்! எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் ஒழுங்காகத் தெரிந்தால் ஒப்பந்தம் முழுவதும் புரியாது, உண்மைதான். ஆனால் ‘கேரண்டார்’ என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைக் கீழே வைக்கும் அளவுக்குப் புரியும்.

சரி, எப்படிப் படிப்பது?

முதலில் ஓதும் மாணவர்களுக்குச் சொல்கிறேன். தம்பி, நீ இங்கிலீஷில் பூஜ்யம் என்று நினைக்கிறாய். நீ ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டாய் என்பது உனக்குத் தெரியவில்லை. மீஸான் கிதாபில் பதினான்கு ஸீகாக்களை மனனம் செய்தாயே, யத்ஹபு, யத்ஹபானி, யத்ஹபூன என்று? ஒருவன் போகிறான், இருவர் போகிறார்கள், பலர் போகிறார்கள், அவள் போகிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். இங்கிலீஷில் எத்தனை? இரண்டே இரண்டு. ‘கோ’, ‘கோஸ்’. ஹி, ஷி, இட் என்று வந்தால் ‘எஸ்’ ஓசை சேர். மற்ற எல்லாவற்றுக்கும் சும்மா விடு. பதினான்கைச் சுமந்தவனுக்கு இரண்டு பாரமா?

கிதாபுன் என்றால் ஏதோ ஒரு புத்தகம். அல்கிதாபு என்றால் நாம் அறிந்த அந்தப் புத்தகம். இங்கிலீஷில் முன்னதற்கு ‘எ புக்’, பின்னதற்கு ‘தி புக்’. தமிழ் மட்டும் தெரிந்த பையன் இந்த ‘எ’, ‘தி’ இரண்டில்தான் தடுமாறுவான், ஏனென்றால் தமிழில் அப்படி ஒன்று இல்லை. உனக்கு இருக்கிறது.

நீ தடுமாறுகிற இடம் வேறு. அனா தாஜிருன், நான் வணிகன். அரபியிலும் இரண்டே சொல், தமிழிலும் இரண்டே சொல். இங்கிலீஷில் ‘ஐ டிரேடர்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். முப்ததாவுக்கும் கபருக்கும் நடுவில் ஒரு கயிறு கட்ட வேண்டும்: ‘ஐ ஆம் எ டிரேடர்’, ‘ஹி இஸ் எ டிரேடர்’, ‘தே ஆர் டிரேடர்ஸ்’. ஆம், இஸ், ஆர். நம் பிள்ளைகள் இழக்கும் மதிப்பெண்ணில் பெரும் பங்கு இந்த மூன்று குட்டிச் சொற்களில் போகிறது.

கேள்வி கேட்பதற்கு அரபியில் ‘ஹல்’ என்று முன்னால் வைத்தால் போதும், பின்னால் வருகிற ஃபிஃல் மாறாது. இங்கிலீஷிலும் முன்னால் ‘டூ’ அல்லது ‘டஸ்’ வைக்கிறோம். ஆனால் கவனம்! ‘டஸ் ஹி கோஸ்’ என்று எழுதக் கூடாது. அந்த எஸ் ஏற்கெனவே ‘டஸ்’ஸுக்குள் போய்விட்டது, ஒரே எஸ்ஸை இரண்டு முறை செலவழிக்க முடியாது. ‘டஸ் ஹி கோ’ அவ்வளவுதான். கடந்த காலத்துக்கு ‘டிட்’. அங்கும் அதே விதி: ‘டிட் ஹி கோ’.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்பது அரபியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. அதனால் மறந்துவிடுகிறோம். வாக்கியத்தின் முதல் எழுத்து, ஆள் பெயர், ஊர்ப் பெயர், நான் என்று சொல்லும் ‘ஐ’ இவையெல்லாம் பெரிய எழுத்து. அல்லாஹ்வின் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி வைத்த தாளைப் பார்க்கும்போது எனக்கே மனம் பதைக்கிறது!

இனி சிரிப்பான விஷயம் ஒன்று. தமிழில் ‘ப’ ஒரே எழுத்துதான். இங்கிலீஷில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒன்றுக்கு ஒரு வயிறு, இன்னொன்றுக்கு இரண்டு வயிறு. இரண்டையும் நாம் ‘பி’ என்றே சொல்கிறோம். அரபியிலோ ஒரு வயிற்று எழுத்தின் ஓசையே கிடையாது. எங்கள் கடை பெரிய கடை என்று சொல்ல வந்த ஒரு பையன், இரண்டு வயிறு போட வேண்டிய இடத்தில் ஒரு வயிறு போட்டு எழுதினான். படித்துப் பார்த்தால் அது பன்றிக் கடை என்று ஆகிவிட்டது. அவுதுபில்லாஹ்! எனவே சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பயிற்சி கொடுங்கள். ‘க’வும் அப்படித்தான், ‘ட’வும் அப்படித்தான். தஜ்வீதில் ஒவ்வொரு எழுத்தின் மக்ரஜையும் எத்தனை நாள் உட்கார்ந்து திருத்துகிறோம்? அந்தப் பொறுமையில் கால் பங்கு போதும்.

கடைத் தம்பிக்கு அரபி இலக்கணம் தெரியாது. அவனுக்கு வேறு பாடநூல் இருக்கிறது. அவன் அதன் நடுவில்தான் நிற்கிறான். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார். ‘நெட் வெயிட்’, ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘மேனுஃபேக்சர்டு பை’, ‘ஸ்டோர் இன் எ கூல் அண்ட் டிரை பிளேஸ்’. இருமல் மருந்துப் புட்டியில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’. அதில் ஷேக் என்பது ஏவல், பிஃபோர் என்றால் முன்பு. அதன் எதிர்ச்சொல் ஆஃப்டர். எதிர்ச்சொல் கேட்பார்கள் அல்லவா? ஒரு நாளைக்குப் பாக்கெட்டிலிருந்து ஐந்து சொல். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, பொருளையும் எழுதி, அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியமும் எழுது. தொண்ணூறு நாளில் நானூற்று ஐம்பது சொல் சேர்ந்துவிடும். எட்டாம் வகுப்புத் தாளுக்கு முன்னால் தைரியமாக உட்கார அது போதும்.

கடிதம் எழுதச் சொல்வார்கள். தலைமை ஆசிரியருக்கு விடுப்புக் கடிதம் என்றால் கடைப் பையனுக்கு ஒன்றும் தோன்றாது. அவன் விடுப்பு எடுத்தே பழக்கமில்லாதவன்! மொத்த வியாபாரிக்கு “சரக்கில் மூன்று பெட்டி உடைந்து வந்திருக்கிறது, மாற்றித் தரவும்” என்று எழுதச் சொல்லுங்கள். அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, விஷயம், கையெழுத்து என்று அமைப்பு வசப்பட்டுவிடும். பிறகு எந்தக் கடிதம் கேட்டாலும் நடுவில் உள்ள நான்கு வரிதான் மாறும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஹாஃபிழ் மாணவர்கள் செய்கிற காரியம் இது. கைடு ஒன்றை வாங்கி, அட்டையிலிருந்து அட்டை வரை பொருள் தெரியாமல் மனனம் செய்துவிடுகிறார்கள். அல்லாஹ் கொடுத்த ஞாபக சக்தி! ஆனால் கேள்வியில் ஒரு சொல் மாறினால் பதில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழ் கேள்வி கேட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. மனப்பாடச் செய்யுள் வரிகளை மனனம் செய். அது உனக்கு அல்வா. மற்றதைப் புரிந்து படி. பத்தியில் கேள்வி கேட்டால், கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லைப் பத்தியில் தேடு; பெரும்பாலும் அந்த வரியிலேயோ அதை அடுத்த வரியிலேயோ விடை உட்கார்ந்திருக்கும். ‘ஹூ’ என்றால் ஆளைத் தேடு, ‘வேர்’ என்றால் இடத்தைத் தேடு, ‘வென்’ என்றால் காலத்தைத் தேடு, ‘வை’ என்றால் ‘பிகாஸ்’ எங்கே என்று தேடு.

பாடநூலைக் காசு கொடுத்து வாங்க முடியாவிட்டாலும் கவலை இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லோர் கையிலும் இருக்கிற செல்போனில் இறக்கிக்கொள்ளலாம். இரவு ஒரு மணி வரை எதையெதையோ பார்க்கிற அதே செல்போன்தான். பழைய வினாத்தாள்களைத் தேடிப் பிடித்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். மூன்று தாள் எழுதினால் பயம் பாதி போய்விடும்.

நேரம் எங்கே என்று கேட்கிறீர்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் இருக்கிறது. ‘அதுதானே வியாபார நேரம்’ என்று முதலாளிமார்கள் முணுமுணுப்பது கேட்கிறது. அப்படியானால் காலையில் ஃபஜ்ருக்குப் பின் கடை திறக்கும் வரை கொடுங்கள். இரண்டில் ஒன்று. பையனுக்கு நோன்புப் பெருநாளைக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுக்கிறீர்கள், மாஷா அல்லாஹ். அந்தச் சட்டை ஒரு வருடத்தில் கிழிந்துவிடும். தினம் ஒரு மணி நேரம், மூன்று மாதம் கொடுங்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்றவர்களிடம், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே ஈடாக ஏற்றார்கள் நபி (ஸல்) அவர்கள். எதிரியின் கையிலிருந்து கூடக் கல்வியை வாங்கியிருக்கிறார்கள். நாம் நம் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தை வாங்க இத்தனை பேச வேண்டியிருக்கிறது.

மதரஸா நிர்வாகிகளே, ஹஜ்ரத்மார்களே, உங்களையும் விடுவதாக இல்லை. ஸபக் குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். நஹ்வு வகுப்பில் அரபியோடு சேர்த்து இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றையும் பலகையில் எழுதிப் பாருங்கள், நஹ்வும் சேர்ந்து பதியும். நிஸ்வான் மதரஸாக்களில் ஓதும் நம் சகோதரிகளுக்கும், எட்டாவதுக்கு முன்னரே வீட்டோடு நின்றுவிட்ட பெண்களுக்கும் இந்தத் தேர்வு திறந்தே இருக்கிறது. வீட்டில் தாய் ஒரு வரி படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் பிள்ளைக்கு டியூஷன் செலவு மிச்சம்.

பள்ளிக்கூடத்தில் முறையாக எட்டாவது படிக்கிற பிள்ளைகளின் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழகத்தில் எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஏழைப் பிள்ளையைப் பள்ளியை விட்டு விரட்டாமல் காக்கிறது. அதற்காக நீங்கள் தூங்கிவிடாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. அவன் தடுமாறுவது காதில் கேட்கும். அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். மறுநாளும் அதே நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

கடைசியாக விண்ணப்பம். இந்தத் தேர்வில் முதல் ஆங்கிலக் கேள்வி வினாத்தாளில் இல்லை, விண்ணப்பத்தில் இருக்கிறது: உன் பெயர் என்ன? முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் ‘ஓ’ போட்டு எழுதுபவர் உண்டு, ‘யு’ போட்டு எழுதுபவர் உண்டு. நடுவில் ஒரு ‘எம்’, இரண்டு ‘எம்’. கடைசியில் ‘ஈ’யும் ‘டி’யும், ‘ஏ’யும் ‘டி’யும். ஆதாரில் ஒன்று, சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று இருந்தால் ஒரு நாள் ஏதாவது ஒரு கவுண்டரில் திருப்பி அனுப்பப்படுவீர்கள். பிறகு பிரமாணப் பத்திரம், நோட்டரி, அலைச்சல். விண்ணப்பிக்கப் போகும் முன் ஆதார் அட்டையையும் பிறப்புச் சான்றையும் எடுத்து அருகருகே வையுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். தகப்பனார் பெயரையும், இன்ஷியலையும், பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பையனின் சட்டைப் பையில் வைத்து, சேவை மையத்துக்கு அவனோடு ஒரு பெரியவர் போங்கள். கம்ப்யூட்டரில் பதிவதைத் திரையில் அவனே படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு பணம் கட்டுங்கள்.